திருப்பதி அலவன்ஸ்

“ஊரை விட்டு ஊர் போய் ஒரு ராத்திரியாவது தங்கியிருக்கியாம்மா? நீ எப்படி அடுத்தவங்களை ஊர் மாத்தற வேலையைப் பார்ப்பே?”

நேர்காணலில் எங்கள் பொது மேலாளர் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் சான்றிதழ்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். எம்.பி.ஏ., மனிதவளம், முதல் வகுப்பு. அப்பாவின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதியிருந்தேன். ‘விவசாயம்’ என்று போடு, கௌரவமாக இருக்கும் என்று கல்லூரித் தோழிகள் சொன்னார்கள். நைனா குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர். கடலை இல்லாத மாதங்களில் கூலிக்குப் போகிறவர். அதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கூலியில்தான் நான் முதல் வகுப்பு வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அதை மெதுவான குரலில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

“தங்கினது இல்லை சார். அதனாலதான் தங்கறது எவ்வளவு கஷ்டம்னு மறக்காம இருப்பேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஒரு வருஷம் பார்ப்போம்” என்றார். அந்த ஒரு வருஷம் முடிந்தால் வேலை நிரந்தரமாகும், அல்லது நான் எங்கள் ஊருக்கே நிரந்தரமாகத் திரும்புவேன் என்று அர்த்தம்.

எங்கள் நிறுவனம் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி போன்ற வீட்டுச் சாமான்கள் விற்கிறது. தலைமை அலுவலகம் சித்தூரில், பெரிய கடைக்கு மேல் மாடியில். திருப்பதி, நகரி, குப்பம் என்று சுற்றிலும் கிளைகள். பணியாளர் பிரிவில் இரண்டே பேர்: பல வருஷமாக இருக்கும் மேடமும் நானும். யார் எந்தக் கிளையில் இருக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் ஏன் போனார்கள் என்பதெல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். சம்பளத்தை அங்கே ‘ஜீதம்’ என்பார்கள், இடமாற்றத்தை ‘பதிலி’ என்பார்கள். இரண்டும் தெலுங்கு. எங்கள் பக்கத்துத் தமிழர்கள் இந்த இரண்டுக்கும் தமிழ் வார்த்தையைத் தேடியதே இல்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் நான் முதலில் கற்றுக்கொண்டது இடமாற்ற உத்தரவு அடிப்பதை. ‘நிர்வாகத் தேவையை முன்னிட்டு’ என்று ஆரம்பிக்கும். நன்றாக விற்றவனுக்கும் அதே வாசகம், விற்காதவனுக்கும் அதே வாசகம். பரிசா தண்டனையா என்று எப்படித் தெரியும் என்று மேடத்திடம் கேட்டேன்.

“ஊரைப் பாரு. திருப்பதின்னா பரிசு. குப்பம்னா தண்டனை.”

“குப்பத்துக்காரங்க கேட்டா வருத்தப்படுவாங்களே மேடம்.”

“அவங்களுக்கு யாரு சொல்லப் போறா? அவங்களுக்கு நாம அனுப்பறவங்க எல்லாம் புது ஆபீசருங்க.”

மே மாதம் வந்தால் மாடிப்படியில் கூட்டம் சேரும். எல்லாரும் திருப்பதியைத்தான் கேட்பார்கள். பையன்கள் கேட்கக் கூச்சப்பட்டால் அம்மாக்கள் வருவார்கள். ஓர் அம்மா தட்டில் தேங்காய், பூவோடு வந்து நின்றார். என் மேசை மேல் தட்டை வைத்தார். “எம் புள்ளைய திருப்பதிக்குப் போட்டுடும்மா. சாமி காலடில கெடந்துட்டு வரட்டும்” என்றார். மேடம் தேங்காயை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். பையன் திருப்பதிக்குப் போனான். மூன்று மாதம் முடிவதற்குள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். காரணம்: குடும்பச் சூழ்நிலை.

திருப்பதியிலிருந்து வந்த எல்லா ராஜினாமாக்களிலும் இதே காரணம்தான் இருந்தது. ஆசைப்பட்டுப் போனவர்கள் ஒரு வருஷம் கூட நிற்கவில்லை. விற்பனையும் அப்படித்தான். திருப்பதி பெரிய ஊர். புதுப்புது அடுக்குமாடிகள் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வேண்டும். ஆனாலும் எங்கள் திருப்பதிக் கிளை கணக்கில் கடைசியில்தான் இருந்தது. யாரும் போக விரும்பாத குப்பத்தில், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவர்கள், அங்கேயே வீடு பார்த்து, பெண் பார்த்து, நன்றாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பொது மேலாளர் இதைப் பற்றி யோசித்தார். அவர் யோசித்தால் அது கூட்டத்தில்தான் நடக்கும். மாதாந்திரக் கூட்டம் எப்போதும் லட்டுடன் ஆரம்பிக்கும். திருப்பதிக் கிளையிலிருந்து வருகிறவர் லட்டு கொண்டுவர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. லட்டு வந்ததா என்று முதலில் பார்ப்பார்கள், விற்பனை வந்ததா என்று பிறகு கேட்பார்கள். அன்றைக்கு லட்டு வந்திருந்தது.

“ஜீதம் பத்தல. திருப்பதில வாடகை அதிகம். அதான் ஓடறாங்க” என்றார் பொது மேலாளர். எல்லாரும் தலையாட்டினார்கள். என் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லியிருந்தது: ஊதியம் உயர்ந்தால் ஊக்கம் உயரும். திருப்பதியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தனிப்படி தருவது என்று முடிவானது. அதற்கு ‘திருப்பதி அலவன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். சுற்றறிக்கையை ஆங்கிலத்தில் நான்தான் எழுதினேன். ஒரு பிழை இல்லாமல் இருந்தது. மேடமே பாராட்டினார்.

அலவன்ஸ் வந்த பிறகு விற்பனை இன்னும் இறங்கியது. இன்னும் இரண்டு பேர் குடும்பச் சூழ்நிலையால் போனார்கள்.

சித்தூர் கடையில் வாஷிங் மெஷின் விற்கும் அண்ணா ஒருவர் இருந்தார். புத்தலப்பட்டுப் பக்கத்து ஆள். தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். வருகிறவர்களிடம் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். “அக்கா, உங்க வீட்டுக்குத் தண்ணி எப்ப வருது?” என்று ஆரம்பிப்பார். தண்ணீர் வரும் நேரம், தொட்டியின் உயரம், துவைக்கிறவர் யார், அவருக்கு முதுகுவலி உண்டா என்று போய், கடைசியில் அந்த அக்காவே எந்த மெஷின் என்று முடிவு செய்துவிடுவார். அவரை விட அதிகமாக விற்றவர் எந்தக் கிளையிலும் இல்லை. அதனால் அவருக்குப் பரிசு கிடைத்தது. பதவி உயர்வு, அலவன்ஸ், திருப்பதி.

சில மாதங்களில் அவருடைய விற்பனை, புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையனுக்கும் கீழே போனது. பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“திருப்பதி போயிட்டு வா. குடிக்கிறானா, வேற கடைக்காரன் இழுக்கிறானா, என்னன்னு பாரு. ஏன் யாரும் அங்க நிக்கறது இல்லைன்னு கண்டுபிடிச்சு குடுத்தா, உன் கன்பர்மேஷனைப் பத்திப் பேசலாம்.”

என் ஒரு வருஷம் முடிய அப்போது அதிக நாள் இல்லை.

காலையில் பஸ் ஏறி, கடை திறக்கும் நேரத்துக்குத் திருப்பதி போய்ச் சேர்ந்தேன். அண்ணா கடையில் இல்லை.

“ஸ்டேஷனுக்குப் போயிருக்கார் மேடம், பார்ட்டி வருது” என்றாள் கேஷியர் பெண்.

ரயிலில் வந்து பிரிட்ஜ் வாங்கும் வாடிக்கையாளரா என்று ஆச்சரியப்பட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் டெலிவரி வண்டி வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் பட்டுப்புடவையோடு இறங்கினார். பின்பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள், குழந்தைகள், பெட்டிகள். அவர்களுக்கு நடுவே, கயிறு கட்டி நின்றபடி, காலையிலேயே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பிரிட்ஜ். அண்ணா என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். “ஒரு நிமிஷம் மேடம், இவங்களை ரூம்ல விட்டுட்டு வந்துடறேன்” என்று மறுபடியும் வண்டியில் ஏறிக்கொண்டார். பிரிட்ஜும் கூடவே போனது.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கடையில் பேச முடியாது என்று கண்ணாலேயே சொன்னார். வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து ஏதோ விசேஷம் நடக்கிறது என்று நினைத்தேன். உள்ளே மொட்டைத் தலைகள். பெரியவர்கள், சின்னவர்கள், எல்லார் தலையிலும் சந்தனம். ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வா பாப்பா. நீயும் தரிசனத்துக்கா? எந்த ஊரு?”

“இல்லைங்க, நான் ஆபீஸ்ல இருந்து வர்றேன்.”

“ஆபீஸ்ல இருந்துகூட வராங்களா. பரவால்ல, அந்த மூலைல பையை வெச்சிக்கினு உட்காரு. சோறு ஆயிக்கினு கீது, துன்னுட்டு அப்பறம் க்யூவுல நிக்கலாம்.”

அண்ணாவின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “எங்க பெரியப்பா. குடியாத்தம் பக்கம்” என்றார். “நாளைக்கு இவங்க கிளம்புவாங்க. சாயந்தரம் எங்க அத்தையோட நாத்தனார் வீட்டுக்காரங்க வராங்க. சித்தூர்ல இருந்தப்ப எங்கம்மா கூட வருஷத்துக்கு ஒருவாட்டிதான் வரும். இங்க வந்த பிற்பாடுதான் எனக்கு இவ்ளோ சொந்தக்காரங்க இருக்கறதே தெரியுது.”

பெரியப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. “நாங்க என்னா தெரியாமலா வரோம்? மருமவனுக்குத் திருப்பதில இருக்கறதுக்குன்னு தனியா அலவன்ஸ் குடுக்கறாங்களாமே. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அது இல்லாங்காட்டி நாங்க எதுக்கு வந்து தொந்தரவு பண்றோம்? சத்திரத்துல படுத்துக்கினு போயிருப்போம்.”

நான் பிழையில்லாமல் எழுதிய சுற்றறிக்கை குடியாத்தம் வரை போயிருந்தது. எந்த மொழியில் போனது என்று தெரியவில்லை. எழுதின என்னை விடத் தெளிவாக அதன் பலனைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம். அண்ணாவின் கண்கள் சிவந்திருந்தன. அவர் குடிப்பதில்லை என்பதை அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கவே டம்ளர் காலியாக இல்லாததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

“விடியறதுக்கு முன்னாடி எழுப்பிடறாங்க மேடம். டோக்கன் குடுக்கற எடம் தெரியாது, தெலுங்கு வராது. கூடப் போய் க்யூவுல நிறுத்தணும். அப்பறம் மலையடிவாரத்துல, அலிபிரில விடணும். கடைக்கு வந்து ஒரு அக்காகிட்ட தண்ணி எப்ப வரும்னு கேட்கறேன், அவங்க சொல்றதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வருது. கொட்டாவி விடறவன்கிட்ட யாரு மெஷின் வாங்குவாங்க?”

“வேணாம்னு சொல்லக் கூடாதா அண்ணா?”

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனவர் நின்றார். “நம்ம வீட்டுக்கு வரவங்களை வேணாங்கலாம்மா. மலைக்கு வரவங்களை எப்படி வேணாங்கறது? பாவம் இல்ல?”

இதற்கு என் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. எங்கள் வீட்டில் கேட்டிருந்தாலும் அம்மா இதையேதான் சொல்லியிருப்பார்.

“வீட்டுக்கு வரவங்களைக் கூட சமாளிச்சுக்கலாம் மேடம்” என்றார் அண்ணா, மனைவி உள்ளே போனதும். “காலைல வண்டில வந்தாங்களே, அவங்க யாருன்னு கேட்கவே இல்லையே நீங்க.”

“யாரு?”

“நம்ம பெரிய சாரோட மச்சினிச்சி குடும்பம். போன வாரம் அக்கவுண்ட்ஸ் சாரோட மாமனார். அவரு நடக்க மாட்டாரு, நாலு நாள் அவர்கூடவே இருந்தேன். அதுக்கு முன்னாடி உங்க மேடமோட பேரனுக்கு மொட்டை.”

“எங்க மேடமா?”

“ஏன், உங்க டிபார்ட்மென்ட்ல புள்ளைங்களுக்கு மொட்டை அடிக்க மாட்டாங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் கடையில் யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவரைத்தான் அனுப்பச் சொல்வார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் நன்றாக விற்கிறவரும். மாதக் கடைசியில் அதே தலைமை அலுவலகம் விற்பனை ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்கும்.

“ஒரு உதவி பண்ணுங்க மேடம். எனக்குக் குப்பம் போடச் சொல்லுங்க.”

“அது தண்டனை அண்ணா. அலவன்ஸ் போயிடும், பதவியும் பழைய பதவி.”

“போவட்டும். கொஞ்சம் கம்மியா சம்பாதிச்சிக்கினு கொஞ்சம் தூங்கறேன். ஆனா நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க. கேட்டா குடுக்க மாட்டாங்க.”

திரும்பும் பஸ்ஸில் எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. தெளிவு இருந்த அளவுக்கு நிம்மதி இல்லை. கண்டுபிடித்துக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னவரின் வீட்டு ஆட்களையே நான் கண்டுபிடித்திருந்தேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், பேரன் மொட்டையை மட்டும் விட்டுவிட்டு. அவர் நிதானமாகக் கேட்டார்.

“வீட்டு விருந்தாளிங்களைப் பத்திச் சொல்லு. அது போதும். ஆபீஸ் விருந்தாளிங்களை எடுக்காத. உனக்குக் கன்பர்மேஷன் வேணுமா, வேணாமா?”

“வேணும் மேடம்.”

“அப்ப பாதி உண்மை போதும். முழுசா சொல்றதுக்கு இன்னும் சர்வீஸ் ஆகணும்.”

யோசித்துப் பார்த்தேன். பாதி சொன்னால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகாத பையன்களை மட்டும் திருப்பதிக்கு அனுப்புவார்கள், சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள், அவர்கள் முழு நேரமும் ஆபீஸ் ஆட்களுக்கு வண்டி ஓட்டுவார்கள். விற்பனை அப்படியே இருக்கும். அப்போது அறிக்கை தந்தவள் என்று என்னைத்தான் கேட்பார்கள். கூலிக்காரர் மகளுக்கு என்ன தெரியும் என்று முடிப்பார்கள். அதைக் கேட்க நான் தயாராக இல்லை.

கூட்டத்தில் லட்டு சுற்றி வந்தது. என் முறை வந்ததும் எழுந்து, வீட்டு விருந்தாளிகளைப் பற்றிச் சொன்னேன். அலவன்ஸ் ஏறினால் விருந்தாளிகளும் ஏறுகிறார்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பொது மேலாளருக்கும் பிடித்திருந்தது.

“இதான் காரணமா?”

“இது பாதி சார். மீதி நம்ம ஆபீஸ்.”

“நம்ம ஆபீஸ்னா?”

“இங்க இருந்து தரிசனத்துக்கு அனுப்பறவங்க சார். கடை ஆளுங்கதான் கூடப் போறாங்க. டெலிவரி வண்டிதான் போகுது.”

“யார் வீட்டு ஆளுங்க?”

“எல்லார் வீட்டு ஆளுங்களும் சார்.”

அவர் கையில் இருந்த லட்டைத் தட்டில் வைத்தார். “என் வீட்டு ஆளுங்களுமா?”

“நான் போன அன்னைக்கு உங்க வீட்டு மேடமோட தங்கச்சி குடும்பம் வந்திருந்தாங்க சார். அவங்களோட ஒரு பிரிட்ஜும் ஊர் சுத்திக்கிட்டு இருந்துச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் சார் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் மேடம் என்னைத் தெரியாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார். பொது மேலாளர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“திருப்பதியைப் பத்தி இவ்ளோ தெரிஞ்சவங்க நம்மகிட்ட வேற யாரும் இல்ல. நீயே அங்க போ.”

அன்று சாயங்காலம் இரண்டு உத்தரவுகள் அடித்தேன். முதலாவது, அந்த அண்ணாவைக் குப்பத்துக்கு மாற்றுவது. இரண்டாவது, என்னைத் திருப்பதிக் கிளைக்கு நிர்வாக அலுவலராக மாற்றுவது. தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு. கிளை விற்பனை ஏறினால் நிரந்தரம். இரண்டும் ‘நிர்வாகத் தேவையை முன்னிட்டு’ என்றே ஆரம்பித்தன. அவருக்குத் தண்டனை, எனக்குப் பரிசு என்று மேடம் விளக்கினார். அந்த அண்ணாவுக்குப் போனில் சொன்னபோது, பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். வருத்தமான குரலில் “சரிங்க மேடம், என்ன பண்றது” என்றார். அன்று இரவே மனைவியின் போனிலிருந்து கும்பிடும் கைகள் படம் வந்தது, வரிசையாக.

எங்கள் ஊரில் பதிலி என்பது வாத்தியார்களுக்கும் ரெவின்யூக்காரர்களுக்கும் மட்டும் நடப்பது. அதனால் செய்தியைக் கேட்டதும் நைனா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் சின்னம்மா வந்து உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு ரூமா பாருடி. ஒண்ணு உனக்கு, ஒண்ணு வரவங்களுக்கு” என்றார் அம்மா.

“எம் பேத்திக்கு மொட்டை கெடப்புல கீது. சத்திரத்துல எடம் கெடைக்கலன்னு தள்ளிக்கினே வரோம். இனிமே என்னா கவலை?” என்றார் சின்னம்மா.

நைனா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எப்ப மலைக்குப் போனாலும் நம்ம பொண்ணு வீடு கீதுன்னு.”

“நைனா, நான் வீடு எடுக்கல. ஹாஸ்டல்ல ஒரு கட்டில் எடுக்கறேன். வேலைக்குப் போற பொண்ணுங்க ஹாஸ்டல். வெளியாளுங்க தங்கக் கூடாது. அப்பா அம்மாவா இருந்தாலும் சரி.”

அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. “உனக்குக் குடுக்கறதே அதுக்குத்தானேடி, அந்த அலவன்ஸு?” என்றார். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர். என் சுற்றறிக்கையை அவரும் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்.

“அம்மா, அங்க போன யாரும் நிக்கல. வரவங்களைக் கூட்டிக்கினு சுத்தினா வேலை நடக்காது. ஆறு மாசத்துல விற்பனை ஏறலன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பறம் திருப்பதில நமக்கு வீடும் இல்ல, கட்டிலும் இல்ல, சித்தூர்ல வேலையும் இல்ல.”

“சாமிக்கு வரவங்களை எப்படிம்மா போன்னு சொல்லுவே?” என்றார் சின்னம்மா.

“போன்னு சொல்ல மாட்டேன் சின்னம்மா. காலைல வாங்க, சாமி பாருங்க, சாயந்தரம் பஸ் ஏறுங்கன்னு சொல்லுவேன்.”

“எங்களுக்கும் அதானா?” என்று நைனா கேட்டார்.

“உங்களுக்கும் அதான் நைனா.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம். “டீக்கடைல போய் மாத்திச் சொல்லணும்” என்றார். “எம் பொண்ணு ரொம்பப் பெரிய ஆபீசராயிட்டா, எங்களையே உள்ள விட மாட்டாங்கன்னு சொல்றேன். அதுவும் நல்லாத்தான் கீது.” மறுநாள் அப்படியே சொன்னாராம். முந்தைய நாளை விட அதிக மரியாதை கிடைத்ததாம். சின்னம்மா மட்டும் இன்றைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பேத்திக்கு வேறொரு கோயிலில் மொட்டை அடித்துவிட்டார்கள்.

திருப்பதிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஹாஸ்டலில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் உண்டு, மலை தெரியும். நான் இன்னும் மலைக்குப் போகவில்லை, நேரம் இல்லை. கடை ஆட்களிடம் வீட்டு விருந்தாளிகளை என் மேல் பழி போட்டு அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். “புது மேடம் லீவு குடுக்க மாட்டேங்குது, ராட்சசி” என்று அவர்கள் போனில் சொல்வது என் மேசைக்கே கேட்கும். சொல்லும்போது குரலில் ஒரு சந்தோஷம் இருக்கும். ஆட்கள் கடையில் நிற்கிறார்கள். நின்றால் விற்கிறது.

குப்பத்தில் அந்த அண்ணா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போன மாதம் எல்லாக் கிளைகளிலும் அவர்தான் முதலிடம். தலைமை அலுவலகம் இதைக் கூர்ந்து ஆராய்ந்திருக்கிறது. ஒருவரைத் தூர ஊருக்கு மாற்றி, அலவன்ஸையும் வெட்டினால் திறமை வெளிப்படுகிறது என்று முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இதை எல்லாக் கிளைகளுக்கும் விரிவாக்குவது பற்றி என் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள்.

தலைமை அலுவலகத்து விருந்தாளிகள் முதல் மாதம் வரவில்லை. கூட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. பிறகு மெல்ல ஆரம்பித்தது. அக்கவுண்ட்ஸ் சார் தரிசனத்துக்கு எப்படிப் போவது என்று மட்டும் கேட்டார், சொன்னேன். இன்று காலை பொது மேலாளரின் உதவியாளர் கூப்பிட்டார்.

“சாரோட தம்பி குடும்பம் பத்து மணி ரயில்ல வராங்க மேடம். வண்டியை மட்டும் அனுப்பிடுங்க. சார் உங்ககிட்டயே சொல்லச் சொன்னார்.”

என்னிடமே சொல்லச் சொன்னாரா என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். என் ஆறு மாதத்தின் முடிவில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான். அந்தக் கையெழுத்துக்கு விற்பனையும் வேண்டும், அவருடைய மனமும் வேண்டும். வெளியே வண்டியில் ஒரு வாஷிங் மெஷினும் இரண்டு பிரிட்ஜும் ஏற்றியாகிவிட்டது. மூன்றும் புத்தூர்ப் பக்கத்து வீடுகளுக்கு. அதில் ஒன்று கல்யாண வீடு, மத்தியானத்துக்குள் போக வேண்டும். டிரைவர் சாவியைக் கையில் சுழற்றியபடி கதவோரம் நின்றார். போனில் பேசியது அவருக்கும் கேட்டிருக்கிறது.

“எந்தப் பக்கம் மேடம், ஸ்டேஷனா, புத்தூரா?”

கேஷியர் பெண் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“புத்தூர்” என்றேன்.

சாரின் தம்பிக்கு ஸ்டேஷன் வாசலில் அலிபிரி பஸ் எங்கே நிற்கும், டோக்கன் எங்கே தருவார்கள், பைகளை எங்கே வைக்கலாம் என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினேன். அதே செய்தியைப் பொது மேலாளருக்கும் அனுப்பினேன், வண்டி டெலிவரிக்குப் போயிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து. அவர் அதைப் படித்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. வண்டி இந்நேரம் புத்தூர் வழியில் ரேணிகுண்டாவைத் தாண்டியிருக்கும்.